சார் சொன்ன மாதிரி

கோயம்புத்தூரில் சிங்காநல்லூர்க் குளத்தைத் தாண்டி, லேத் பட்டறைகளின் கிரீச்சலும் வறுகடலை வாசமும் ஒரே காற்றில் வருகிற ஒரு தெருவில், ஊற்றுக்கண் பம்ப்ஸ் என்று ஒரு கம்பெனி உண்டு. போர்வெல்லுக்குள் இறக்குகிற மோட்டார் செய்கிறவர்கள். அந்தக் காம்பவுண்டுச் சுவருக்குள் ஓர் ஆடி மாதத்துத் திங்கட்கிழமை தொடங்கியதுதான் இந்த விவகாரம். சுவரைத் தாண்டி ஓரடிகூட அது வெளியே வந்ததில்லை. ஏன் வரவில்லை என்று கேட்பவர்கள், உள்ளே மட்டும் ஏன் வந்தது என்று முதலில் சொல்லட்டும், பிறகு பேசலாம்.

திங்கட்கிழமை என்றால் அங்கே மீட்டிங். மீட்டிங் என்றால் நீள மேசை, வடையோ சுண்டலோ ஏதோ ஒன்று, பல் கிட்டிக்கிற ஏ.சி., தலைப்பக்கம் எம்.டி. திருவேங்கடசாமி, அவருக்கு வலதுகைப் பக்கம் சேல்ஸ் மேனேஜர் சௌந்தர்ராஜ், அடுத்து குவாலிட்டி தங்கவேல், அடுத்து பர்ச்சேஸ், அடுத்து அக்கவுண்ட்ஸ், இப்படியே வரிசை இறங்கி வந்து கதவோரத்தில், டீ வந்தால் எழுந்து வாங்கி எல்லோருக்கும் நகர்த்திவிட வாகான இடத்தில், சர்வீஸ் பிரிவின் கலாமணி. பதவியில் அவள் தங்கவேலுவுக்குச் சமம்; நாற்காலியில் டீத்தட்டுக்குச் சமம். டீயை நகர்த்து என்று அவளிடம் யாரும் ஒருநாளும் சொன்னதில்லை, அதுதான் இதில் அழகு. அவளாகவே எழுந்துகொள்வாள், அவர்களாகவே கையை நீட்டுவார்கள்.

பெண்கள் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் படித்துவிட்டு, கல்யாணமான புதிதில் வேலைக்கு வந்தவள்; இப்போது காதோரம் நரைத்து, மகள் பிளஸ் ஒன்னுக்கு வந்துவிட்டாள். தமிழ்நாட்டின் எந்த மூலையில் ஊற்றுக்கண் மோட்டார் கருகினாலும் அது கோணிச்சாக்கில் சுற்றிக்கொண்டு அவள் பிரிவுக்குத்தான் வந்து சேரும். அவள் அதைப் பிரித்துப் போட்டு, அது எதனால் செத்தது என்று கண்டுபிடித்துச் சொல்வாள். பெரிய நாற்காலி இதற்கு முன் இரண்டு தடவை அவளைத் தேடி வந்ததுண்டு, ஒருதடவை ஓசூர்க் கிளைக்கு, ஒருதடவை தேனிக் கிளைக்கு. இரண்டுக்கும் “வேண்டாமுங்க சார்” என்று சொல்லிவிட்டு வந்து மத்தியானச் சோற்றை வழக்கம்போலச் சாப்பிட்டாள். இப்போது ஆந்திராவில் அனந்தப்பூரில் புதுக்கிளை திறக்கப் போகிறார்கள், தலைமைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று பேச்சு. ஐம்பதை நெருங்குகிறவளுக்கு மூன்றாவது கதவு திறப்பதே அதிசயம், நாலாவது கிடையாது. அது அவளுக்கும் தெரியும்.

அந்த ஆடித் திங்களன்று பேச்சு, தாராபுரம் பக்கம் மோட்டார்கள் வரிசையாகக் கருகுவதைப் பற்றி. தங்கவேல் காப்பர் ஒயரைக் குறை சொன்னார், பர்ச்சேஸ் தங்கவேலுவைக் குறை சொன்னார். கதவோரத்திலிருந்து கலாமணி, “தப்பா இருந்தா விட்டுருங்க சார், சும்மா ஒரு இதுக்குச் சொல்றேன்,” என்று தன் வழக்கமான வாசல்படியில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பேச்சுக்குள் நுழைந்தாள். “ஒயர்ல குறை இல்லீங்க. மும்முனைக் கரண்ட் கண்ட நேரத்துக்கு வருது, விவசாயி ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டுட்டுப் போயிடறாரு, உள்ள தண்ணி எறங்கினது தெரியாம மோட்டார் வெறுங்குழாயில ஓடிக் கருகுது. தண்ணி இல்லைன்னா தானா நிக்கிற மாதிரி பேனல்லயே ஒண்ணு வெச்சுக் குடுத்துட்டா…” எம்.டி. செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கவேல் வடையில் மிளகு பொறுக்கிக்கொண்டிருந்தார். சரி சரி, பார்க்கலாம், அடுத்து என்ன என்று யாரோ சொன்னார்கள்.

டீ வந்தது, போனது. சௌந்தர்ராஜ் நாற்காலியைப் பின்னுக்குச் சாய்த்து, பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டி, தொண்டையைச் செருமிக்கொண்டு, “நான் என்ன நெனைக்கிறேன்னா சார்…” என்று ஆரம்பித்தார். ஆறடி மனிதர், டீலர் மாநாட்டில் மைக் இல்லாமல் பேசுகிறவர். அடுத்த வார்த்தையிலிருந்து அந்த மீசைக்குக் கீழேயிருந்து வந்தது கலாமணியின் குரல். மெல்லிசாக, கொஞ்சம் மூக்கடைத்தாற்போல, கதவோரத்துக் குரல். “தப்பா இருந்தா விட்டுருங்க சார், சும்மா ஒரு இதுக்குச் சொல்றேன். ஒயர்ல குறை இல்லீங்க…” வாழ்நாளில் ஒருதடவைகூட அந்த மனிதர் தப்பாக இருந்தால் விட்டுவிடச் சொன்னதில்லை, அன்று சொன்னார், நிறுத்த முடியாமல் கடைசிவரைக்கும் சொன்னார், கண்ணிரண்டும் பிதுங்கச் சொல்லி முடித்தார்.

எம்.டி. தலையை நிமிர்த்தினார். “நல்ல ஐடியாப்பா,” என்றார் பழக்கதோஷத்தில். பிறகு, “என்ன சௌந்தர், தொண்டை கட்டிருச்சா? யாரப்பா அது, ஏ.சி.யைக் கொறைங்க.”

ஆண்பிள்ளைக்குத் தொண்டை கட்டினால் ஆபீசே சுக்குத் தட்டும். கேண்டீனிலிருந்து மிளகுக் கஷாயம் வந்தது, அக்கவுண்ட்ஸ் மேசையிலிருந்து பனங்கற்கண்டு வந்தது, எம்.டி.யின் காரிலேயே டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, தொண்டை பளிங்கு மாதிரி இருக்கிறது, சினிமாவில் பாடலாம் என்றார். மறுநாள் தங்கவேல், தன் டிபார்ட்மென்டில் புதிதாகச் சேர்ந்திருந்த ஜெஸிந்தா என்ற இன்ஜினியர் முந்தின வாரம் சொன்ன ஒரு திருத்தத்தை, “இது நான் ரொம்ப நாளா மனசுல வெச்சிருந்தது சார்,” என்று எம்.டி.யிடம் எடுத்துவைத்தார். அந்தத் தூத்துக்குடிப் பெண்ணே உள்ளே உட்கார்ந்து பேசுகிற மாதிரி சுத்தமான தூத்துக்குடிக் குரல் வந்தது: “இந்த வாஷர் தேயுதுல்லா சார், அதை மாத்திட்டம்னா சோலி முடிஞ்சிரும்லா?” தங்கவேல் பெருந்துறைக்காரர். திருச்செந்தூருக்கு மொட்டையடிக்கப் போனதைத் தவிர அந்தப் பக்கம் கால் வைக்காதவர்.

அதற்குமேல் அதைத் தொண்டைக் கட்டு என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. ஆனாலும் வேலை நடக்க வேண்டுமே. ஆர்டர் நிற்குமா, லாரி நிற்குமா? ஓட்டுக் கூரை ஒழுகினால் அங்கே ஒரு வாளியை வைத்துவிட்டு மற்ற வேலையைப் பார்க்கிற மாதிரி, அந்தக் கம்பெனி இதற்கும் ஒரு வாளியை வைத்துவிட்டு மற்ற வேலையைப் பார்த்தது. யூனியன் செயலாளர் ஆண்டவப்பன் கேட் மீட்டிங்கில் பேசினால் அவர் வாயிலிருந்து நாலைந்து தலைவர்களின் குரல் மாறி மாறி வந்தது. தொழிலாளர்கள் ஒவ்வொரு குரலையும் அடையாளம் கண்டு கைதட்டினார்கள், அவரே பேசின ஒரு வரி வந்தபோது யாரென்று தெரியாமல் முழித்தார்கள். எம்.டி. டீலர்களுக்கு முன்னால், “மெஷினை ஏமாத்தலாம், தண்ணியை ஏமாத்த முடியாது,” என்று தன் வழக்கமான வசனத்தைச் சொன்னபோது, செத்துப் பன்னிரண்டு வருஷமான அவர் அப்பாவின் கட்டைக் குரல் வந்து, பின்வரிசையில் இருந்த பழைய ஆட்கள் தங்களையறியாமல் எழுந்து நின்றார்கள். எம்.டி. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதையே இன்னொருதடவை சொன்னார், கேட்பதற்காக. பார்ட்னர் மேல் சந்தேகம் வந்த டீலர்கள் ஈரோட்டிலிருந்தும் கரூரிலிருந்தும் வேலையே இல்லாமல் அந்தப் பார்ட்னரைக் கூட்டிக்கொண்டு வந்து ரிசப்ஷனில் உட்காரவைத்துப் பேச்சுக் கொடுத்தார்கள். வாட்ச்மேன், “உள்ள போறீங்ளா, பாத்துப் பேசுங்க,” என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

தப்பிக்க வழி உண்டா என்று ஆண்கள் அலைந்தார்கள். ஸ்கிரீனில் எழுதிக்காட்டினார்கள், எழுத்து ஊமைதான், ஆனால் எம்.டி.க்குக் கண்ணாடி போட்டுப் படிக்கப் பொறுமை கிடையாது, “வாயால சொல்லுப்பா,” என்பார், அங்கே மாட்டிக்கொண்டார்கள். கடைசியில் வழியைக் கண்டுபிடித்தது பர்ச்சேஸ்காரர், அதுவும் பயத்தில். பேச ஆரம்பித்தவர், குரல் மாறப்போகிற கரகரப்புத் தொண்டையில் ஏறின கணத்தில், அவசர அவசரமாக, “அதாவது, கலாமணி மேடம் சொன்ன மாதிரி,” என்று சேர்த்துக்கொண்டார். கரகரப்பு நின்றது, அவருடைய சொந்தக் குரல் சாதுவாகத் திரும்பி வந்து வாயில் உட்கார்ந்துகொண்டது. அவ்வளவுதான் மருந்து. சொன்னவர் பேரைச் சொல்ல வேண்டும். இந்த மருந்துக்கு அவர்கள் பட்ட பாட்டைப் பார்த்தால் ஏதோ கிட்னியைக் கழற்றிக் கொடுத்த மாதிரி இருந்தது.

ஜெஸிந்தாவுக்கு ஒரு சந்தேகம். சாப்பாட்டு நேரத்தில், டெஸ்டிங் கிணற்றுக்குப் பக்கத்துப் புங்கமரத்தடியில், கருவாட்டுத் தொக்கைக் கலாமணியின் தட்டில் தள்ளிக்கொண்டே கேட்டாள்.

“ஆம்பளையாளுவ வாயில நம்ம குரலு வருது, சரி. நம்ம வாயில ஏன்க்கா அவங்க குரலு வர மாட்டேங்கு? நாம மட்டும் என்ன, ஒருத்தரு சொன்னதையும் எடுத்துப் பேசுததே இல்லியா?”

கலாமணி யோசித்தாள். காரணம் தெரியாத எதையும் அவளால் விட முடியாது. கருகின மோட்டாரின் காயிலை மூக்கருகே வைத்துப் பார்க்கிற பார்வை அது. “நாம எப்பவுமே பேரைச் சொல்லித்தான பேசறோம் கண்ணு,” என்றாள் மெதுவாக. “சார் சொன்ன மாதிரி, சார் சொன்ன மாதிரின்னு.”

“சாரு சொல்லாததுக்குமா?”

அன்று பிற்பகல் கலாமணி வேண்டுமென்றே சோதித்துப் பார்த்தாள். ஒரு டீலரிடம் போனில், பேனல் விஷயத்தைத் தானாக யோசித்து முடிவு செய்ததை, “சௌந்தர்ராஜ் சார் சொன்ன மாதிரி,” என்று தொடங்கிச் சொன்னாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சௌந்தர்ராஜ், ஒரு காரணமும் இல்லாமல், புரை ஏறின மாதிரி இருமினார். மறுபடி சொன்னாள், மறுபடி இருமினார். எத்தனை வருஷமாக இந்த ஆபீசில் இத்தனை இருமல் என்று அவள் அப்போதுதான் கவனித்தாள்: பில்லிங் பெண் போன் பேசுகிறபோது அக்கவுண்ட்ஸ் மேனேஜர், ரிசப்ஷன் பெண் பேசுகிறபோது மேலே எம்.டி., கண்ணாடித் தடுப்புகளுக்குப் பின்னால் ஒருவர் மாற்றி ஒருவர், லொக்கு லொக்கென்று. எல்லோரும் லேத் தூசு என்றல்லவா நினைத்திருந்தார்கள்.

ஆவணி பிறந்த பிறகு ஒருநாள் சௌந்தர்ராஜ் அவள் மேசைக்கு வந்து நின்றார். உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை.

“மேடம், நான் திருடன் இல்லீங்க.”

“நான் சொன்னனுங்களா?”

“நெசமாலுமே எனக்குத் தோணினதுன்னுதானுங்க நெனைச்சேன். நீங்க சொன்னது காதுல விழுந்து, உள்ள போயி, அங்கயே மொளைச்சிருக்குது போல.”

“மொளைச்சது சரிங்க. பறிக்கறப்ப எந்தக் காடுன்னு பாத்திருக்கலாமல்ல?”

சிரித்துவிட்டார். பிறகு, சிரிப்பு அடங்கினதும், “சின்ன வயசுலருந்து ‘அடிச்சுப் பேசுடா, பேசறவனுக்குத்தான் பொழப்பு’ன்னு சொல்லியே வளத்துனாங்க மேடம்,” என்றார், அதைச் சொன்னபோது அவர் வாயில் வந்தது ஏதோ ஒரு முரட்டுப் பெரியவரின் குரல், அவரே திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். “எங்கப்பா,” என்றார் விரலிடுக்கில். கலாமணிக்கு முதல்தடவையாக அவர்மேல் ஏதோ ஒரு இது வந்தது. பரிதாபம் என்று வைத்துக்கொண்டால் பெரிய வார்த்தை.

இப்படியாக, யார் சொன்னது யாருடையது என்று சுவர்களுக்குக்கூடத் தெரிந்துபோன அந்தப் புரட்டாசியில், ஒரு சனிக்கிழமை எம்.டி. கலாமணியை அறைக்குக் கூப்பிட்டார். “ஏம்மா, ரெண்டு மாசமா இந்த ஆபீஸ்ல யார் வாயைத் தொறந்தாலும் உங்குரல்தான் வருது. அப்ப நான் யாரை அனந்தப்பூர் அனுப்பறது? திங்கக்கிழமை மீட்டிங்ல சொல்லு. ஆமான்னாலும் சரி, இல்லைன்னாலும் சரி, இந்தத் தடவை எல்லாத்துக்கும் முன்னாடி சொல்லு.”

அன்று சாயங்காலம் வீட்டில் சொன்னாள். வீடு சுவருக்கு வெளியே இருந்ததால் அங்கே எல்லோருக்கும் அவரவர் குரல்தான். கணவர் ஈஸ்வரமூர்த்தி கணபதியில் சொந்தமாகப் பட்டறை வைத்திருப்பவர், நல்ல மனுஷன் என்று பேர், ஒருநாளும் கை ஓங்கினதில்லை, குரல் உயர்த்தினதில்லை. தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், “உன் இஷ்டம்,” என்றார். இந்த இரண்டு வார்த்தையை எத்தனை விதமாகச் சொல்லலாம் என்று ஆண்களுக்கு எங்கேயோ ஒரு பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவர் சொன்ன விதத்தில் கதவு திறந்துதான் இருந்தது, நடுவில் அவர் நின்றுகொண்டிருந்தார். மாமியார் கீரை ஆய்ந்துகொண்டே, “வயசுப்புள்ளைய வெச்சுக்கிட்டு,” என்று கீரையிடம் சொன்னார். மகள் மட்டும், “அனந்தப்பூர் எங்கம்மா இருக்கு?” என்று கேட்டாள். கலாமணி சொல்லத் தொடங்கினாள், வறண்ட சீமை, நிலக்கடலை, பாறைக்கு நடுவே தண்ணீர், என்று சொல்லச் சொல்லத் தன் குரல் ஓடுவதை உணர்ந்து, குக்கர் விசில் அடிக்கவும் நிறுத்திக்கொண்டு எழுந்துபோனாள்.

ஞாயிறு முழுக்க அவள் பதிலைத் தயார் செய்தாள். துணி துவைக்கையில் சொல்லிப் பார்த்தாள், மாவு அரைக்கையில் சொல்லிப் பார்த்தாள்: வேண்டாமுங்க சார். பெரிய மனசு பண்ணிக் கேட்டீங்க, ஆனா வேண்டாமுங்க. அழகாக, கோணல் இல்லாமல், அவளுடைய குரலிலேயே வந்தது. இரண்டுதடவை சொல்லிப் பழகின நாக்கு.

திங்கட்கிழமை எல்லோரும் வந்திருந்தார்கள். கதவோர நாற்காலியை யாரோ நகர்த்தி எம்.டி.க்கு எதிரே போட்டிருந்தார்கள், அது அவளுக்கு என்னவோபோல இருந்தது, அன்று டீயை யார் நகர்த்துவது என்று தெரியாமல் தட்டு வாசலிலேயே நின்றது. ஜெஸிந்தா மூலையில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். எம்.டி., “சொல்லும்மா,” என்றார்.

கலாமணி எழுந்து நின்று, “வேண்டாமுங்க சார்,” என்றாள்.

ஈஸ்வரமூர்த்தியின் குரல் வந்தது. தட்டிலிருந்து தலை நிமிர்த்தாத, நிதானமான, ஒருநாளும் உயராத குரல். அறையில் பாதிப்பேருக்கு அவரைத் தெரியும், ஆயுத பூஜைக்கு வந்து பொரி வாங்கிக்கொண்டு போகிறவர். தங்கவேல் திரும்பி வாசலைப் பார்த்தார், அவர்தான் வந்துவிட்டாரோ என்று.

கலாமணி தண்ணீர் குடித்தாள். “வயசுப்புள்ளைய வெச்சுக்கிட்டு அத்தனை தூரம்…” என்றாள், அது மாமியாரின் குரல், கீரைக்காம்பு ஒடிகிற சத்தம்கூடக் கூடவே கேட்டது. வேகமாக, எப்படியாவது தன் குரலைப் பிடித்துவிடுகிற வேகத்தில், “எனக்கு அந்தளவுக்கெல்லாம் தகுதி இல்லீங்க, ஃபீல்டு வேலையெல்லாம் லேடீசுக்குச் சரிப்படாது,” என்றாள்; மூக்குப்பொடி அடைத்த, சலித்துப்போன ஒரு கிழக்குரல் வந்தது. யாருக்கும் முதலில் தெரியவில்லை. எம்.டி.க்குத்தான் தெரிந்தது. “பரந்தாமன்,” என்றார் மெதுவாக. முன்னே பெர்சனல் மேனேஜராக இருந்தவர். கலாமணியை இன்டர்வியூ செய்து, வேலையும் கொடுத்து, கூடவே அந்த ஒரு வரியையும் கையில் கொடுத்தனுப்பினவர். செத்து எரித்துச் சாம்பலைப் பேரூர் ஆற்றில் கரைத்தாயிற்று. அவருடைய வாக்கியம் மட்டும் இவள் தொண்டையில் வாடகை கொடுக்காமல் குடியிருந்திருக்கிறது.

“ஒரு நிமிஷமுங்க,” என்று சொல்லிவிட்டு, அது யாருடைய குரலென்று கேட்கக்கூட நிற்காமல், கலாமணி வெளியே நடந்தாள்.

டெஸ்டிங் கிணறு கம்பெனிக்குப் பின்னால், எவ்வளவோ ஆழம், மோட்டாரை இறக்கிச் சோதிப்பதற்காகத் தோண்டினது. எட்டிப் பார்த்தால் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வானம் உள்ளே தெரியும். அவள் விளிம்பில் குனிந்து ஒவ்வொரு வாக்கியமாக உள்ளே போட்டுப் பார்த்தாள், எது தன்னுடையது என்று. குடும்பத்தைப் பாக்கணுமல்ல: மாமியார். இருக்கறது போதும்: ஸ்கூலில் முதல் பரிசு வாங்கின அன்று தலையில் தட்டி உட்காரவைத்த சிஸ்டர் பிலிப்பா. அமைதியா இருந்தாத்தான் மரியாதை: யாரென்றே தெரியவில்லை, கும்பலாக நிறையப் பெண்கள். அவளுக்குப் பயம் போய் ஒரு ஆர்வம் பிடித்துக்கொண்டது, மோட்டாரைப் பிரிக்கிற ஆர்வம், இந்தப் பாகம் எங்கே வார்த்தது, இந்தத் திருகு எவன் மாட்டினது. கடைசியாக மூச்சை இழுத்துக்கொண்டு, “எனக்கு அது வேணும்,” என்று கிணற்றுக்குள் சொன்னாள். இதாவது, இதாவது என்று நினைத்தாள்.

“எனக்கு அது வேணும்லா,” என்றது கிணறு, பச்சைத் தூத்துக்குடிக் குரலில்.

பின்னால் சிரிப்புச் சத்தம். ஜெஸிந்தா நின்றிருந்தாள், கையில் செருப்பு, ஓடி வந்திருக்கிறாள். “அது என் வசனம்க்கா. போன வாரம் கருவாடு தின்னுகிட்டு நாந்தான உங்ககிட்ட சொன்னேன், ‘வேணும்னா வேணும்னு சொல்லிப் பழகுங்க’ன்னு.”

“வேண்டாங்கறதும் என்னுது இல்ல. வேணுங்கறதும் என்னுது இல்ல,” என்றாள் கலாமணி. “அப்ப என்னுதுன்னு என்னதான் கண்ணு இருக்குது? இருபத்திரண்டு வருஷமா ஊருக்கெல்லாம் குரல் குடுத்திருக்கேன். எனக்குன்னு ஒண்ணு வெச்சுக்கல பாரு.”

ஜெஸிந்தாவுக்கு உடனே பதில் சொல்லத்தான் ஆசை, அந்த வயசு. ஆனால் சொன்னால் அதுவும் இவளிடம் ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தாளோ என்னவோ, உதட்டைக் கடித்துக்கொண்டாள். “எனக்குத் தெரியலக்கா,” என்று மட்டும் சொன்னாள். “எனக்கேகூட நான் பேசுததுல பாதி எங்க காலேஜ் ஆஸ்டல்ல கேட்டது.”

இருவரும் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார்கள். கீழே தண்ணீர் போன வாரத்தைவிட இறங்கியிருந்தது, சுவரில் ஈரக்கோடு மேலே நின்றது. கலாமணியின் கண் தானாக அந்தக் கோட்டை அளந்தது. அளந்ததும் இன்னொன்று மனசுக்குள் வந்தது, யாரும் அவளிடம் சொல்லாதது, யாரும் கேட்காதது, சனிக்கிழமையிலிருந்து மாவு அரைக்கையிலும் துணி துவைக்கையிலும் அந்தப் பதிலுக்கு அடியில் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வேகமாகத் திரும்பி நடந்தாள்.

மீட்டிங் அறையில் எல்லோரும் அப்படியே இருந்தார்கள். டீத்தட்டு மட்டும் உள்ளே வந்திருந்தது. சௌந்தர்ராஜ் எழுந்து, ஒவ்வொரு டம்ளராக, பழக்கமில்லாத கையோடு, மேசையில் சிந்திச் சிந்தி நகர்த்திக்கொண்டிருந்தார். கலாமணி உட்காரவில்லை. தப்பா இருந்தா விட்டுருங்க என்று சொல்லவில்லை.

“அனந்தப்பூர்ல தண்ணி எத்தனை அடியிலங்க கெடைக்குது?” என்று கேட்டாள்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் குரல் யாருடையதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. கொஞ்சம் தடித்த, கரகரத்த, அவசரக் குரல், காட்டில் நின்றுகொண்டு வரப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிறவரைக் கூப்பிடுகிற குரல். தங்கவேல் தன் மனசுக்குள் ஆட்களை ஓடவிட்டுப் பார்த்தார், பர்ச்சேஸ்காரர் கூரையைப் பார்த்தார், எம்.டி. தன் அப்பாவின் காலத்து ஆட்களையெல்லாம் ஒருதடவை நினைத்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். இத்தனை நாள் அவர்கள் வாயில் வந்து போனதெல்லாம் கதவோரத்துக் கலாமணி. இது அவர்கள் யாரும் இரவல் வாங்காதது.

“யாருது அது?” என்றார் எம்.டி.

“மேடத்துதுதான் சார்,” என்றாள் ஜெஸிந்தா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே. “வேற யாருது?”

கலாமணியும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள், தலையைச் சாய்த்து, புது மோட்டாரை முதல்தடவை ஓடவிட்டுக் கேட்கிற மாதிரி. அதிர்வு கொஞ்சம் இருந்தது, ஆனால் பழுதில்லை.

“ஆயிரம் அடிக்குக் கீழதான்னு சொல்றாங்க மேடம்,” என்றார் சௌந்தர்ராஜ், கையில் டம்ளரோடு.

“யாரு சொல்றாங்க?”

சௌந்தர்ராஜ் டம்ளரை மேசையில் வைத்தார். அந்த ஆபீசில் அந்தக் கேள்வி இப்போது சாதாரணக் கேள்வி இல்லை.

“ஆயிரம் அடின்னா நம்ம மோட்டார் அங்க தாங்காது,” என்றாள் அவள். “பாறை ஒரு பக்கம், சூடு ஒரு பக்கம். இங்க உக்காந்து சொல்ல முடியாதுங்க. நானே போய் எறக்கிப் பாத்தாத்தான் தெரியும். ஐப்பசியில போறேன். பொண்ணோட பரீட்சைக்கு வந்துட்டுப் போவேன், அதை நான் பாத்துக்கறேன். வீட்ல நானே சொல்லிக்கறேன்.”

எம்.டி. தலையாட்டினார். தங்கவேல் ஏதோ சொல்ல வந்து, யாருடைய குரலில் வருமோ என்று பயந்து, வடையை வாயில் போட்டுக்கொண்டார். கலாமணி தனக்கு முன்னால் வந்து நின்ற டீயை, சிந்தினதைக் கர்ச்சீப்பால் துடைத்துவிட்டு, எடுத்துக் குடித்தாள். கண்ணாடித் தடுப்புகளுக்கு இந்தப் பக்கமும் சரி, அந்தப் பக்கமும் சரி, யாரும் இருமவில்லை.